ஸ்டார் வார்ஸா, ஸ்டார் ட்ரெக்கா? வாரிசும் பரீட்சையும்

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் டெத் ஸ்டார் என்ற விண்வெளிக் கோட்டையும் ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் கப்பலும் மோதினால் எது ஜெயிக்கும் என்ற கேள்வியை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். கேட்கிறவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சி ஜெயிக்கும். இரண்டு பக்கமும் கப்பலின் வேகமும் பீரங்கியின் பலமும் அந்தக் கதைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் இருக்கும். கணக்குப் போட்டு நிரூபிக்கிறேன் என்று உட்கார்ந்தவர் யாரும் எதிராளியை ஒப்புக்கொள்ள வைத்து நான் பார்த்ததில்லை.

எனக்கு உருப்படியாகப் படுவது வேறு கேள்வி. யாருடைய பிள்ளையும் இல்லாத ஒருத்தர் இந்த இரண்டு பிரபஞ்சங்களில் எதில் முன்னுக்கு வரலாம்?

பாண்டி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு, காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து நாங்கள் மல்லுக்கு நிற்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். ஒருவன் கடலூர் முதுநகரிலிருந்து பஸ் ஏறி வருகிறவன், ஸ்டார் வார்ஸ் பக்தன். இன்னொருவர் முத்தியால்பேட்டை அண்ணன். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் பார்த்த தலைமுறை. அதில் வரும் ஸ்பாக் என்ற பாத்திரத்தின் ஒற்றைப் புருவத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசுவார். நான் ட்ரெக் பக்கம். நடுநிலை வேஷம் எனக்கு ஒட்டாது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வயதில் மூத்தது ட்ரெக். 1966 செப்டம்பர் 8-ல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதித்தான் மூன்றாவது சீசனையே வாங்கினார்கள். 79 அத்தியாயங்களோடு 1969-ல் கடையை மூடிவிட்டார்கள். பிறகு மறுஒளிபரப்பில் பிழைத்து எழுந்தது. ஸ்டார் வார்ஸ் 1977 மே 25-ல் நேராகத் தியேட்டரில் இறங்கிக் கூட்டத்தை அள்ளியது. அந்த வசூலைப் பார்த்த பிறகுதான், மறுபடி டிவி தொடராக எடுக்கலாம் என்றிருந்த ட்ரெக்கையும் 1979-ல் பெரிய திரைக்குத் தூக்கினார்கள். ஒன்று வாராவாரம் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போகிற கதை, மற்றது இருட்டில் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கிற கதை. இந்த வித்தியாசம் இன்றுவரை மாறவில்லை.

கூட்டத்தோடு பார்க்கிற விஷயத்தில் வார்ஸை அடிக்க ஆளில்லை. "மச்சான், இது நம்ம ஊரு கூத்துடா" என்பான் முதுநகர்க்காரன். அவன் அம்மா ஊர் பண்ருட்டிப் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன். கூத்தில் பெரிய வேஷக்காரர் சட்டென்று வந்து நிற்கமாட்டார். இரண்டு பேர் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் சலங்கை கேட்கும். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் ஆடும். மத்தளம் ஏறி, முகவீணை இழுத்து, சனம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் ஆள் வெளியே வருவார். வார்ஸின் வில்லன் டார்த் வேடரின் முதல் வரவை இதோடு வைத்துப் பாருங்கள். கதவு வெடிக்கிறது, வெள்ளைக் கவசக்காரர்கள் புகுந்து சுடுகிறார்கள், தரையெல்லாம் பிணம். புகைக்கு நடுவே கறுப்பாக ஓர் உருவம். முகம் கிடையாது, மூச்சுச் சத்தம் மட்டும். வேடருக்கென்று நாம் எல்லோரும் வாயால் தாளம் போடுகிற அந்த அணிவகுப்பு இசை அப்போது கிடையாது; ஜான் வில்லியம்ஸ் அதைப் போட்டது 1980 படத்துக்கு. அந்த இசை இல்லாமலே அந்த வரவு நின்றது. கட்டியங்காரன் வேலையை இரண்டு ரோபோக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று புலம்பும், ஒன்று விசிலடிக்கும். குரோசவா படமொன்றில் வரும் இரண்டு குடியானவர்களைப் பார்த்துத்தான் அந்த ஜோடியைப் பிடித்ததாக ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். ட்ரெக்கில் இப்படி உடம்பு சிலிர்க்கிற வரவு ஒன்றைச் சொல் என்று அவன் கேட்டால் அண்ணனும் நானும் கடலைப் பார்ப்போம்.

ஆனால் கூத்தை இழுத்தது அவன்தானே. கர்ண மோட்சத்தை நான் எடுப்பேன். போட்டி நடக்கிற இடத்தில் அர்ஜுனனுக்கு எதிராக வில்லோடு வந்து நிற்கும் கர்ணனிடம் கிருபர் கேட்பது, உன் குலம் என்ன? கூத்தில் கட்டிய மனைவி பொன்னுருவியே அவன் பிறப்பைச் சொல்லி ஏசுவாள். கடைசியில் பதில் வருகிறது: அவன் குந்தியின் மூத்த பிள்ளை. கவனியுங்கள், கேட்டது தப்பு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பதிலைத்தான் திருத்துகிறார்கள்.

புதிய வார்ஸ் படங்களின் நாயகி ரேவுக்கு நடந்தது அச்சு அசல் இதுதான். 2015-ல் பாலைவனத்தில் உடைந்த கப்பல்களின் பாகங்களைப் பொறுக்கி விற்று வயிறு கழுவுகிற பெண்ணாக அறிமுகமாகிறாள். யார் பெற்ற பிள்ளை என்று ரசிகர்கள் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2017 படத்தில் பதில் வந்தது: யாருமில்லை, குடிக்கக் காசுக்காகப் பெண்ணை விற்ற ஒன்றுமில்லாதவர்கள். அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் தொழுவத்தில் வேலை பார்க்கும் சின்னப் பையன் கையை நீட்டுகிறான்; சாய்த்து வைத்திருந்த துடைப்பம் தானாக நகர்ந்து அவன் கைக்கு வருகிறது. ஜெடாய் வீரர்களுக்கு இருக்கும் ஃபோர்ஸ் என்ற அதிசய சக்தி அவனுக்கும் இருக்கிறது, பேர் தெரியாத பையனுக்கு. மொத்த வார்ஸிலும் எனக்குப் பிடித்த ஐந்து நொடி அது. 2019-ல் அந்தப் பையனைக் காணோம். ரே யாரென்றால் வார்ஸின் பெரிய வில்லனான பேரரசர் பால்பட்டீனின் பேத்தி. வாரிசுச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

"அனகின் அடிமைப் பிள்ளைடா, அப்பனே கிடையாது, அவன் வரலையா?" என்பான் முதுநகர்க்காரன். வந்தான். 1999 படத்தில், பின்னால் வேடராகப் போகிற அந்த ஒன்பது வயசுப் பையனின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து, அந்தச் சக்திக்கான அளவு எகிறுகிறது என்று பார்த்த பிறகு, தீர்க்கதரிசனத்தில் சொன்ன ஆள் இவன்தான் என்று கூட்டிப் போகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் தேறாத அடிமைப் பிள்ளைகள் அந்த மணலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ட்ரெக்கில் ரத்தம் பார்க்கமாட்டார்கள், பரீட்சை வைப்பார்கள். ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படையின் அகாடமிக்கு நுழைவுத் தேர்வு உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கவுன்சிலிங் வாசலில் ஃபைலோடு நின்ற பாண்டிக்காரர்களுக்கும், குரூப் ஃபோருக்குப் படிக்கிற கடலூர்ப் பிள்ளைகளுக்கும் இதை விளக்க வேண்டாம். இதில் எனக்கு வேத வாக்கு டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் 1995-ல் வந்த நாக் கதை. நாக் ஃபெரங்கி இனத்துப் பையன். லாபம் ஒன்றே குறியான வியாபார இனம் அது. அதிலிருந்து ஒருவர்கூட ஸ்டார்ஃப்ளீட்டில் சேர்ந்ததில்லை. ஒரு நாள் காசுப் பையோடு தளபதி சிஸ்கோவின் அறைக்கு வந்து, அகாடமியில் சேரப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்கிறான். சிஸ்கோ நம்பவில்லை. சோதிப்பதற்காக ஒரு சரக்கு அறையில் இருப்புக் கணக்கு எடுக்கச் சொல்கிறார். திருடுவான் என்றுதான் எதிர்பார்ப்பு. முன்பு எண்ணியவர்கள் விட்டதையும் சேர்த்துச் சரியாக எண்ணிக் கொடுக்கிறான். அதன் பிறகும் சிஸ்கோ அவனைப் பிடித்து நிறுத்தி, ஏன், ஏன் என்று உலுக்கி எடுக்க, பையன் உடைகிறான். அப்பா ரோம் இயந்திரங்களில் மேதை, ஃபெரங்கி என்பதால் வியாபாரத்தில் தள்ளிவிட்டார்கள், அதில் தோற்று வாழ்க்கையே போச்சு, எனக்கும் வியாபார மூளை கிடையாது, நான் அப்பா மாதிரி ஆகமாட்டேன். வீட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரி இருக்கிற யாரும் இந்தக் காட்சியை உலர்ந்த கண்ணோடு பார்க்க முடியாது.

இங்கே முதுநகர்க்காரன் சும்மா இருப்பானா? "அதுவும் சிபாரிசுக் கடிதம்தானே? வெஸ்லி கதை என்ன?" நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற ட்ரெக் தொடரில் வரும் வெஸ்லி, கப்பல் தலைமை மருத்துவரின் மகன். நுழைவுத் தேர்வில் முதல் தடவை கோட்டை விட்டவன். ஆனால் அதற்கு முன்பே கேப்டன் பிக்கார்ட் தயவில் தற்காலிக அதிகாரியாகக் கப்பலை ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தாயிற்று. இதற்கு என்னிடம் பதில் இல்லை. 2009 ட்ரெக் படத்தில் பயிற்சி மாணவன் கர்க் படம் முடிவதற்குள் கேப்டனாகிவிடுவதற்கும் இல்லை. அந்தப் படத்தையும், ரேவைப் பேத்தியாக்கிய 2019 படத்தையும் எடுத்தவர் ஒருவரே, ஜே.ஜே. ஏப்ரம்ஸ். இரண்டு வீட்டிலும் ஒரே சமையல்காரர் என்று அண்ணன் பழியை அங்கே இறக்கி வைத்துவிடுவார்.

ரோபோ விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 1977 படத்தின் அந்த மதுக்கடையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கொம்பு வைத்தவன், பல்லில்லாதவன், வால் உள்ளவன் எல்லோரும் உள்ளே குடிக்கிறார்கள். லூக்கோடு வந்த இரண்டு ரோபோக்களைப் பார்த்துக் கடைக்காரன் அதுகளுக்கு இங்கே இடமில்லை என்று கத்துகிறான். லூக் என்ன செய்கிறான்? வெளியே நில்லுங்கள், வம்பு வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறான். இரட்டைக் குவளை இருந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு இதைச் சும்மா கடக்க முடியவில்லை. படத்துக்கும் இது தெரிந்தேதான் இருக்கிறது என்பான் நண்பன். இருக்கலாம், ஆனால் கதை அந்த வாசலுக்குத் திரும்பவே இல்லை. ரோபோக்களை விற்கிறார்கள், ஓடாமலிருக்க மார்பில் பூட்டு மாட்டுகிறார்கள். 2005 படத்தின் முடிவில், அந்த ஜோடியில் புலம்புகிற த்ரீபியோவின் நினைவை அழிக்கச் சொல்வது, நல்லவர்கள் பக்கம் இருக்கிற ஆள். 2018-ல் ஒரு ரோபோ உரிமை கேட்டுக் கிளம்பியபோது அதைப் பாதி நகைச்சுவையாக்கிவிட்டார்கள்.

ட்ரெக் இதையே நெக்ஸ்ட் ஜெனரேஷனில் 1989-ல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. டேட்டா என்ற ஆண்ட்ராய்டு அதிகாரியைப் பிரித்து ஆராய ஒரு விஞ்ஞானி கேட்கிறார். டேட்டா மறுக்கிறான். அவன் ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்து, மறுக்க உரிமையில்லை என்கிறது எதிர்த் தரப்பு. கொடுமை என்னவென்றால் எதிர்த் தரப்பில் வாதாட வேண்டியவன் டேட்டாவின் நண்பன் ரைக்கர். அவன் வாதாட மறுத்தால் தீர்ப்பு டேட்டாவுக்கு எதிராகப் போய்விடும். எழுந்து போய் டேட்டாவின் கையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறான். பிறகு முதுகில் இருக்கும் பொத்தானைத் தட்ட, டேட்டா அப்படியே சரிகிறான். சண்டை இல்லை, வெடி இல்லை, ஒரு அறையும் நாலைந்து நாற்காலிகளும்தான். முடிவு என் விருப்பம் என்று சொல்லும் உரிமை டேட்டாவுக்குக் கிடைக்கிறது.

அறிவியல்? இரண்டும் சுமார்தான். வார்ஸின் கப்பலோட்டி ஹான் சோலோ தன் கப்பலின் வேகத்தைப் பார்செக்கில் பீற்றிக்கொள்கிறார், பார்செக் 3.26 ஒளியாண்டு தூரம், நேரமில்லை. ட்ரெக்கில் ஆளைக் கரைத்து இன்னொரு இடத்தில் உருவாக்கும் கருவி வந்ததே, கிரகத்தில் கப்பல் இறங்குவதை வாராவாரம் படமெடுக்கக் காசில்லாததால்தான். மெக்சிகோ இயற்பியலாளர் அல்குபியரே ட்ரெக்கால் தூண்டப்பட்டு 1994-ல் ஒளியை மிஞ்சும் வார்ப் பயணத்துக்குச் சமன்பாடு எழுதினார் என்பது உண்மை. அதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும் என்பதும் உண்மை.

ட்ரெக்கோடு எனக்கொரு கோபமும் உண்டு. அதன் மிகப் பெரிய வில்லன் கான் நூனியன் சிங். பெயரே சொல்கிறது, இந்தியத் தொடர்புள்ள ஆள். 1967-லும் 1982-லும் நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மோண்டல்பான். 2013-ல் பிரிட்டிஷ்காரர் பெனடிக்ட் கம்பர்பேட்ச். எல்லோரும் சமம் என்று பாடம் எடுக்கிற வீட்டில் ஒரு இந்தியரைக் கூப்பிடத் தோன்றவில்லை. 1979 படத்தில் 1965-ன் மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டா நடித்தார், மொட்டை அடித்துக்கொண்டு. அவர் பாத்திரத்தைப் பாதியிலேயே இயந்திரமாக மாற்றிவிட்டார்கள்.

இப்போது கூத்து தலைகீழாகியிருப்பதுதான் வேடிக்கை. 2022-லும் 2025-லுமாக 24 அத்தியாயங்கள் வந்த ஆண்டோர் என்ற வார்ஸ் தொடரில் ஜெடாய் வீரர்களும் இல்லை, ஒளிவாளும் இல்லை, ரத்தப் பெருமையும் இல்லை. மின்சாரம் பாயும் தரையில் வெறுங்காலோடு நின்று ஏதோ பாகம் பூட்டுகிற கைதிகள், தண்டனைக் காலம் முடிந்தவனையும் வெளியே விடமாட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்குக் கூட்டமாக எழுகிறார்கள். அவர்களை நடத்திக் கொண்டுவந்த கினோ கடல் விளிம்பில் நின்று தனக்கு நீந்தத் தெரியாது என்கிறான். மொத்த ட்ரெக்கையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்தச் சிறை அத்தியாயங்களுக்கு ஈடு சொல்ல நான் யோசிப்பேன். அதே நேரத்தில் ட்ரெக் என்ன செய்தது? 2023-ல் பிக்கார்டுக்குத் தெரியாமல் பிறந்த மகன் ஒருவனைக் கொண்டுவந்து, அப்பாவிடமிருந்து மரபணுவில் வந்த விசேஷத்தைச் சொல்லி, கடைசியில் குறுக்குவழியில் பயிற்சி முடித்துப் புதிய எண்டர்பிரைஸில் ஏற்றிவிட்டார்கள். முதுநகர்க்காரன் அன்று எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவ்வளவு சந்தோஷம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வார்ஸில் 1977, 1980, 1983 படங்களை அந்த வரிசையில் பார்த்துவிட்டு ஆண்டோருக்குப் போகலாம். அது முடிந்த கையோடு ரோக் ஒன் படம். ட்ரெக்கில் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் 178 அத்தியாயங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முதல் சீசனைத் தாராளமாகத் தாண்டிவிட்டு டேட்டா வழக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். டீப் ஸ்பேஸ் நைனை மட்டும் தாண்டித் தாண்டிப் பார்க்கக் கூடாது. முதுநகர்க்காரன் இப்போது அதன் இரண்டாவது சீசனில் இருக்கிறான். ஃபெரங்கிகள் வந்தாலே ஓட்டிவிடுகிறானாம். அப்படி ஓட்டினால் மூன்றாவது சீசனில் நாக் அழும்போது உனக்கு ஒன்றும் ஏறாதுடா என்று சொல்லிவைத்திருக்கிறேன்.