சிசிஎன்ஏ வீட்டு லேப்: பாக்கெட் ட்ரேசரா, ஜிஎன்எஸ்3-ஆ, பழைய ஸ்விட்ச்சா?

சிஸ்கோவின் சிசிஎன்ஏ 200-301 நெட்வொர்க்கிங் தேர்வுக்குக் காசு செலவழித்துத்தான் லேப் அமைக்க வேண்டும் என்பதில்லை. செலவழிப்பதானால் ஸ்விட்ச் வாங்குங்கள், ரவுட்டர் வேண்டாம்.

பாக்கெட் ட்ரேசர்

நெட்வொர்க்கைப் போலச் செய்து காட்டும் சிஸ்கோ மென்பொருள் இது. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசம். சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். விலேன் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழி கண்டறியும் முறை), நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்புவது), ஏசிஎல் (எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) என்று கைப்பயிற்சி தேவைப்படும் பெரும்பகுதியை இதிலேயே முடித்துவிடலாம். வயர்லெஸ் கன்ட்ரோலரில் புது நெட்வொர்க் உருவாக்கிப் பழக இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் உள்ளே ஓடுவது உண்மையான ஐஓஎஸ் (சிஸ்கோ கருவிகளின் இயக்க முறைமை) அல்ல, அதன் போலி வடிவம். கட்டளைகளில் ஒரு பகுதிதான் இருக்கும். கான்ஃபிக் சரியாக இருந்தும் பிங் போகவில்லையென்றால், அதை ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கில் எழுதி, பாக்கெட் ட்ரேசர் ஃபைலைச் சேமித்து, மூடித் திறந்து பாருங்கள்.

ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி

இங்கே ஓடுவது உண்மையான ஐஓஎஸ். மென்பொருள் இலவசம்தான், ஆனால் ஐஓஎஸ் இமேஜ் (அந்த இயக்க முறைமையின் ஃபைல்) அதனுடன் சேர்ந்து வராது. அதை உரிமத்தோடு பெறுவது உங்கள் பொறுப்பு. ஜிஎன்எஸ்3-இல் டைனாமிப்ஸ் என்ற எமுலேட்டர் மூலம் 3725 போன்ற ரவுட்டர்கள் நன்றாகவே ஓடும். ஐடில்-பிசி (ரவுட்டர் சும்மா இருப்பதைக் காட்டும்) மதிப்பை மட்டும் மறக்காமல் கொடுங்கள். இல்லாவிட்டால் சும்மா நிற்கும் ஒரு ரவுட்டரே ஒரு சிபியு கோரை முழுதாக விழுங்கும்.

பலரும் சிக்குவது ஸ்விட்ச்சில். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சில் ஃப்ரேம்களை (தரவுத் துண்டுகளை) கடத்துவது ஏசிக் என்ற தனிப்பயன் சில்லு. அதை டைனாமிப்ஸால் போலச் செய்ய முடியாது. அதற்கு மாற்றாகப் போடும் ஈதர்ஸ்விட்ச் கார்டில் (ரவுட்டரில் செருகும் ஸ்விட்ச் கார்டு) போர்ட் செக்யூரிட்டி (போர்ட்டில் யார் இணையலாம் என்ற கட்டுப்பாடு) போன்ற பாடப்பகுதிகள் கிடையாது. ஐஓஎஸ்வி-எல்2 என்ற ஸ்விட்ச் இமேஜ் போட்டால் அந்தக் குறை பெரிதும் தீரும், ஆனால் ஒவ்வொரு ஸ்விட்ச்சும் முக்கால் ஜிபி ரேம் கேட்கும். மூன்று ஸ்விட்ச், இரண்டு ரவுட்டர் என்றால் 8 ஜிபி லேப்டாப் திணறும். 16 இருந்தால் கவலையில்லை. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தாலோ, விண்டோஸில் ஹைப்பர்-வி குறுக்கே நின்றாலோ, கேவிஎம் (லினக்ஸின் விர்ச்சுவலைசேஷன் வசதி) இல்லை என்ற பிழையோடு எல்லாம் நின்றுவிடும். ஈவ்-என்ஜிக்கும் இதே நிபந்தனைதான். பிரவுசரில் இயக்கலாம் என்பதே முக்கிய வித்தியாசம்.

சிஎம்எல் இலவசப் பதிப்பு

சிஎம்எல் (சிஸ்கோ மாடலிங் லேப்ஸ்) சிஸ்கோவின் சொந்த லேப் மென்பொருள். இமேஜ் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு இதுவே சரி. இமேஜ்கள் உரிமத்தோடு வரும், வரம்பு 5 நோடு (கருவி). மூன்று ஸ்விட்ச்சை முக்கோணமாக இணைத்து எஸ்டிபி (இணைப்பு வளையத்தைத் தடுக்கும் முறை) பார்க்கலாம், மீதி இரண்டை ரவுட்டராக்கி ஓஎஸ்பிஎஃப். பிசிக்கு இடமில்லையே என்றால் ஸ்விட்ச்சில் விலேன் இன்டர்ஃபேஸுக்கு ஐபி கொடுத்து அங்கிருந்து பிங் செய்யுங்கள்.

பழைய ஹார்டுவேர்

கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சுகளில் இரண்டு 2960, ஒரு 3560 போதும். 2950 வேண்டவே வேண்டாம், மிகப் பழையது. யுஎஸ்பி-சீரியல் அடாப்டரும் நீல கன்சோல் கேபிளும் தேவை; வேகம் 9600, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. பழைய பாஸ்வேர்டோடு வந்தால், மோட் பட்டனை அழுத்திக்கொண்டே மின் இணைப்பைக் கொடுத்து, ஃப்ளாஷில் உள்ள கான்ஃபிக் ஃபைலின் பெயரை மாற்றி பூட் செய்யுங்கள்.

ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை அழித்த பிறகும் பழைய விலேன்கள் அப்படியே இருக்கும். அவை ஃப்ளாஷில் விலேன்.டாட் (vlan.dat) என்ற தனி ஃபைலில் உள்ளன, அதையும் அழியுங்கள். விட்டுவிட்டால், அதன் விடிபி (விலேன் பட்டியலை ஸ்விட்ச்சுகளிடையே பகிரும் முறை) ரிவிஷன் எண் அதிகமாக இருக்கும்போது, அதே டொமைனில் உள்ள மற்ற ஸ்விட்ச்சுகளின் விலேன்களையும் அது துடைத்துவிடும்.

இன்னொன்று: 3560-இல் நேரடியாக 'ஸ்விட்ச்போர்ட் மோட் டிரங்க்' (ஒரே இணைப்பில் பல விலேன்களைக் கடத்தும் கட்டளை) அடித்தால் ஏற்காது. என்கேப்சுலேஷனை (ஃப்ரேமில் விலேன் எண்ணைக் குறிக்கும் முறையை) முதலில் டாட்1க்யூ என்று நிர்ணயிக்க வேண்டும். 2960-க்கு டாட்1க்யூ மட்டுமே தெரியும் என்பதால் அங்கே அந்தக் கட்டளையே கிடையாது.

ரவுட்டரில் பழக வேண்டிய எல்லாமே மென்பொருளில் குறையில்லாமல் கிடைப்பதால்தான் அதை வாங்க வேண்டாம் என்கிறோம். சீரியல் கார்டும் டிசிஇ கேபிளும் சேர்த்து 'சிசிஎன்ஏ கிட்' என்று யாராவது விற்றாலும் ஒதுக்கிவிடுங்கள். அந்த சீரியல் இணைப்புகளில் பழகும் ஃப்ரேம் ரிலேயும் 200-301 பாடத்திட்டத்தில் இல்லை, பிபிபியும் இல்லை.