ஸ்விட்சைக் கையில் பிடித்து ஆட: ஆறு இண்டி பிளாட்ஃபார்மர்கள், மதிப்பெண்களோடு

ஒரு கேம் நல்லதா என்று தேடினால் பதில் கொட்டிக் கிடக்கிறது. அதே கேம், டிவியோடு இணைக்கும் டாக்கிலிருந்து உருவிய நின்டெண்டோ ஸ்விட்சில், இரண்டு கையாலும் பிடித்து ஆடும்போது சரிப்படுமா என்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. டிவியில் பத்துக்குப் பத்து வாங்குவது பேருந்து ஜன்னலோரத்தில் ஏழுக்கு இறங்கிவிடும். டிவியில் சாதாரணமாகத் தெரிவது கைக்கு வந்ததும் ஜம்மென்று ஆகிவிடும். கீழே இருப்பவை சிறு குழுக்கள் செய்த (இண்டி) பிளாட்ஃபார்மர்கள், அதாவது குதித்துத் தாண்டிப் போகும் கேம்கள். மதிப்பெண்கள் எல்லாம் பத்துக்கு, கையில் ஆடுவதற்கு மட்டுமே.

முதலில் கருவி. 2017-இல் வந்த ஸ்விட்சுக்கு 6.2 இஞ்ச் எல்சிடி, 2019-இன் லைட்டுக்கு 5.5 இஞ்ச், 2021-இன் ஓலெட் மாடலுக்கு 7 இஞ்ச். மூன்றிலும் பிக்சல் எண்ணிக்கை ஒன்றே: 1280க்கு 720. நொடிக்கு 60 ஃப்ரேம். இதில் பிளாட்ஃபார்மர் ஆடுபவருக்குப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கருவியோடு மாட்டிய ஜாய்கான் (பக்கத்துக்கு ஒன்றாகக் கழற்றி மாட்டும் கண்ட்ரோலர்) புளூடூத்தில் பேசாது, பக்கத்துத் தண்டவாளத்தின் வழியாகக் கம்பியில் பேசும். நடுவில் டிவியும் இல்லை. கேம் மோடு போடாத டிவி, படத்தை மெருகேற்றுகிறேன் என்று சில ஃப்ரேம்களை விழுங்கிவிடும். குதித்தோம், ஆனால் குதிக்கவில்லை என்ற புலம்பலில் பாதி அங்கிருந்து வருவதுதான்.

நஷ்டம் இடது கட்டை விரலில். ஜாய்கானில் சிலுவை வடிவத் திசைப் பட்டன் (டி-பேட்) கிடையாது, தனித்தனியாக நான்கு உருண்டைப் பட்டன்கள்தான். மேல்-வலது மூலைக்குப் போக இரண்டு பட்டன்களுக்கு நடுவே விரலைப் படுக்க வைத்து அழுத்த வேண்டும். லைட்டில் ஒழுங்கான சிலுவை இருக்கிறது. விரலை உருட்டினால் போதும். ஆக, திரை சிறிய லைட்டுக்குத்தான் இந்த வகை கேமில் கை நன்றாகப் படிகிறது. வேடிக்கைதான்.

இன்னொரு தொல்லை டிரிஃப்ட்: விரலால் சாய்க்கும் ஸ்டிக், தொடாதபோதும் தானாக நகர்வதாகப் பதிவது. டி-பேடில் ஆடினால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பல கேம்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். தேய்ந்த ஸ்டிக் லேசாக வலது பக்கம் சாய்ந்திருந்தால், நேர் மேலே போக வேண்டிய பாய்ச்சல் மூலைக்குத் திரும்பும். ஸ்விட்சின் அமைப்புகளில் கட்டுப்பாட்டுக் கருவிகள் பகுதிக்குப் போய், ஸ்டிக் அளவீட்டைத் திறந்து, விரலை எடுத்த பிறகு குறி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அங்கேயே மறு அளவீடு செய்யலாம். தேய்மானம் முற்றிப்போயிருந்தால் அதுவும் சில நாள் வைத்தியம்தான். அதே பகுதியில் பட்டன்களை இடம் மாற்றும் வசதியும் உண்டு (2020-இன் 10.0 பதிப்பிலிருந்து). இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும்: அந்த மாற்றம் எல்லா கேமுக்கும் பொருந்தும், திரையில் வரும் பட்டன் படங்கள் பழையபடியே காட்டும்.

செலஸ்ட் – 9.5

மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் 2015-இல் பிக்கோ-8 என்ற குட்டி கேம் செய்யும் மென்பொருளில் நான்கே நாளில் செய்த குட்டி கேமிலிருந்து வளர்ந்தது இது. முழு வடிவம் 2018 ஜனவரி 25 அன்று வந்தது. அந்தப் பழைய குட்டி கேமையும் மூன்றாவது அத்தியாயத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

கையில் ஆட இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. காரணம் எளிய கணக்கு. கேம் வரையப்படுவது 320க்கு 180 பிக்சலில். அதை நான்கால் பெருக்கினால் மிகச் சரியாக 1280க்கு 720. கேமின் ஒவ்வொரு பிக்சலும் திரையில் நான்குக்கு நான்கு கட்டமாக உட்காருகிறது. ஓரம் மங்குவதோ, ஒரு கோடு தடித்து மறுகோடு மெலிவதோ இல்லை. 6.2 இஞ்ச் திரையில் ஒரு கேம் பிக்சல் ஏறக்குறைய 0.43 மி.மீ. மோதலுக்குக் கணக்கில் எடுக்கப்படும், நாயகி மேடலினின் உடல் 8க்கு 11 பிக்சல், அதாவது 3.4 மி.மீ. அகலம், 4.7 மி.மீ. உயரம். பாசிப்பயறு ஒன்றை முட்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு சிறியதைக் கட்டுப்படுத்த முடிவது கேம் ரகசியமாகக் காட்டும் கருணையால்தான். விளிம்பைத் தாண்டி வெறுங்காற்றில் கால் வைத்த பிறகும் 0.1 நொடிக்கு, அதாவது 6 ஃப்ரேம்களுக்கு, குதி பட்டன் செல்லும். மேலே எழும்பும்போது தலை ஒரு மூலையில் 4 பிக்சல் அளவுக்கு இடித்தால், கேமே பக்கவாட்டில் தள்ளி வழிவிடும். கையடக்கத் திரையில் அந்த 4 பிக்சல் 1.7 மி.மீ. மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நாம் செய்யும் பிழையை கேம் மன்னித்துவிடுகிறது.

பலரும் சிக்குவது சுவர் ஏற்றத்தில். மேடலினின் தெம்பு 110 புள்ளி. திரையில் எங்கும் அந்த எண் காட்டப்படாது. சுவரைப் பிடித்துச் சும்மா தொங்கினால் நொடிக்கு 10 செலவு, 11 நொடி தாங்கும். ஏறினால் நொடிக்குச் சுமார் 45, இரண்டரை நொடிக்குள் தீர்ந்துவிடும். பிடித்தபடி மேல்நோக்கிக் குதித்தால் ஒவ்வொன்றுக்கும் 27.5, ஆக நான்கு குதிதான். 20க்குக் கீழே இறங்கும்போது உடம்பு சிவப்பாக மின்னத் தொடங்கும். தெம்பு போதாமல் விழுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே தொங்கியிருப்பீர்கள். யோசனையைத் தரையில் நின்று முடித்துவிட்டு ஏறுங்கள். சுவரைப் பிடிக்காமல், எதிர்ப்பக்கமாக உந்திக் குதிப்பதற்குச் செலவே கிடையாது. வழியில் இருக்கும் பச்சைப் படிகத்தைத் தொட்டால் பாய்ச்சலோடு தெம்பும் நிரம்பும்.

எட்டுத் திசைப் பாய்ச்சலுக்கு ஸ்டிக்கை நம்ப வேண்டாம். ஸ்டிக்கின் வளையத்தில் மூலைக்கான பள்ளம் இல்லாததால் மேல்-வலது என்று நினைத்துத் தள்ளியது வெறும் வலதாகப் பதிந்து, முள்ளில் போய்ச் செருகும். ஜாய்கானின் நான்கு பட்டன்கள் முதல் இரண்டு மணி நேரம் கட்டை விரலை நோகடிக்கும், ஆனால் துல்லியம் கிடைக்கும். பிடிக்கும் பட்டனை இசட்-ஆரில் அழுத்தியபடியே இருப்பதால் வலது சுட்டுவிரலும் இழுத்துப் பிடிக்கும். கை பெரியவர்கள் அதை ஆர் பட்டனுக்கு மாற்றிக்கொள்ளலாம். லைட்டில் ஆடுபவர்கள் உதவி மோடில் வேகத்தை 90 சதவீதமாக வைத்துப் பார்க்கலாம். அது ஏமாற்று வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கு அந்த 5.5 இஞ்ச் திரையைக் கையில் கொடுங்கள்.

அரை மதிப்பெண் குறைத்தது 2019 செப்டம்பரில் இலவசமாக வந்த ஒன்பதாவது அத்தியாயமான ஃபேர்வெல்லுக்கு. கீழ்-மூலைக்குப் பாய்ந்து தரை தொடும் கணத்தில் குதிக்கும் வித்தையை அடுத்தடுத்துக் கேட்கிறது. ஜாய்கானில் அது விரலுக்குத் தண்டனை.

ஹாலோ நைட் – 8 (ஓலெட்டில் 9)

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழுவின் கேம். கணினிக்கு 2017-இல், ஸ்விட்சுக்கு 2018 ஜூன் 12 அன்று. இதில் கையடக்கத்துக்கு எதிராக வேலை செய்வது இருட்டு. டீப்நெஸ்ட் பகுதியில் பகல் வெளிச்சத்தில் எல்சிடி திரையைப் பார்த்தால் கேம் தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். கருவியின் தானியங்கி வெளிச்சத்தை அணைத்துவிட்டு, கேமுக்குள் இருக்கும் பிரகாச அமைப்பையும் ஏற்றுங்கள். இருட்டறைகளுக்கான லூமாஃப்ளை விளக்கு ஸ்லையின் கடையில் 1,800 ஜியோ (கேமுக்குள் புழங்கும் காசு). கண்ட நகையையும் வாங்கிக் காசைக் கரைக்காமல் இதற்குச் சேர்த்து வையுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் வாங்க வேண்டியவை இரண்டு: வரைபடத்தில் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் திசைகாட்டி, 220 ஜியோ, புதிய இடங்களை வரைபடத்தில் சேர்க்கும் இறகுப் பேனா, 120 ஜியோ. இரண்டும் இசெல்டாவின் கடையில். பேனா இருந்தாலும், ஆட்டம் சேமிக்கப்படும் இடமான பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் வரைபடம் புதுப்பிக்கப்படும். இந்தப் பெஞ்ச் விஷயம்தான் கையடக்கத்தில் இடிக்கிறது. இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டது, பெஞ்ச் நாலு அறை தள்ளி. பவர் பட்டனைத் தட்டித் தூங்க வைத்தால் அப்படியே உறைந்து நிற்கும், பிரச்சினை இல்லை. கேமை மூடினாலோ, தூங்கும்போதே பேட்டரி தீர்ந்தாலோ மறுபடி பழைய பெஞ்சிலிருந்துதான்.

எதிரிக்குக் கொடுக்கும் ஒரு அடிக்கு 11 ஆன்மா (சிகிச்சைக்கான சக்தி) சேரும், ஒரு சிகிச்சைக்கு 33 செலவு. மூன்று அடி கொடுத்தால் ஒரு முகமூடி, அதாவது ஒரு உயிர்ப் புள்ளி, திரும்பக் கிடைக்கும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பாஸ் சண்டையில் பதற்றம் குறையும். எதிரியின் தலைமேல் கீழ்நோக்கி வெட்டி எம்பும்போது ஸ்டிக் அதைப் பக்கவாட்டு வெட்டாக எடுத்துக்கொள்ளும். இங்கேயும் டி-பேடே துணை. 2025 செப்டம்பரில் வந்த இதன் அடுத்த பாகமான சில்க்சாங்கில் தொடக்கத்தில் கீழ் வெட்டு சாய்வாகப் போகும் என்பதால் தூரக் கணிப்பு இன்னும் கறாராக வேண்டும். சின்னத் திரையில் அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

சூப்பர் மீட் பாய் – 7

2010-இன் கேம், ஸ்விட்சுக்கு 2018 ஜனவரியில் வந்தது. ஒரு லெவல் அரை நிமிடம் கூட ஆகாது, செத்த மறுகணம் மீண்டும் தொடக்கத்தில் நிற்பீர்கள். வரிசையில் நிற்கும்போது ஆடுவதற்கென்றே செய்தது போல இருக்கும். வென்றதும், செத்துப்போன முயற்சிகள் எல்லாம் ஒன்றாக ஓடி ஒவ்வொன்றாகச் சிதறும் காட்சி இன்றைக்கும் அலுக்கவில்லை.

பிறகு ஏன் ஏழு? லெவல் பெரிதானால் கேமரா பின்னால் போகிறது. டிவியில் அது முழுத் திட்டத்தையும் காட்டும் நல்ல ஏற்பாடு. கையில், நாயகனான இறைச்சித் துண்டு வெறும் சிவப்புப் புள்ளியாக ரம்பங்களுக்கு நடுவே ஓடுகிறது. ஏற்கெனவே தெறித்த சிவப்புக் கறைமேல் நிற்கும்போது அந்தப் புள்ளியும் தொலைந்துவிடும். லைட்டில் ஆறுக்கு மேல் தர மனம் வரவில்லை. ஆடுபவர்களுக்கு ஒன்று: ஓடும் பட்டனை அழுத்தியபடியே இருக்கும் பழக்கத்தை முதல் அத்தியாயத்திலேயே விடுங்கள். குதியின் உயரம் பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஓட்ட வேகமும் சேர்ந்தால் குறுகிய இடத்தில் எதிர்ச் சுவர் வரை போய் ரம்பத்தில் விழுவீர்கள். சேகரிப்புப் பொருளான பேண்டேஜை எடுத்துவிட்டுச் செத்தால் கணக்கில் வராது, எடுத்த அதே ஓட்டத்தில் லெவலையும் முடிக்க வேண்டும்.

ஷவல் நைட்: டிரெஷர் ட்ரோவ் – 9

2014-இல் நின்டெண்டோவின் முந்தைய கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸிலும் வந்த கேம் என்பதால் சிறிய திரைக்கு இது புதிதல்ல. பெரிய உருவங்கள், பளிச் நிறங்கள், வெயிலிலும் தெரியும். எட்டுத் திசைத் தொல்லையும் இல்லை: ஓடு, குதி, தோண்டு, மண்வெட்டியைக் கீழே நீட்டி எம்பு. ஒரே தொகுப்பில் நான்கு தனிக் கதைகள். கடைசியான கிங் ஆஃப் கார்ட்ஸ் 2019 டிசம்பரில் சேர்ந்தது. இடைநிறுத்தக் கோளங்களை உடைத்தால் பொக்கிஷம் கிடைக்கும், ஆனால் செத்தால் அங்கிருந்து தொடங்க முடியாது. முதல் சுற்றில் உடைக்காதீர்கள். செத்த இடத்தில் மிதக்கும் காசுப் பைகளை எடுக்கப் போய் அதே குழியில் இரண்டாவது முறை விழுவதுதான் வழக்கமான விபத்து. பை குழிக்கு மேலே மிதந்தால் விட்டுத் தொலையுங்கள்.

அனிமல் வெல் – 8.5

பில்லி பாசோ ஒற்றை ஆளாக ஏழு ஆண்டுகள் உழைத்து 2024 மே 9 அன்று வெளியிட்டது. இதுவும் 320க்கு 180, ஆகவே செலஸ்டுக்குச் சொன்ன பிக்சல் பொருத்தம் இதற்கும் உண்டு. மெமரி கார்டில் இடமில்லை என்ற கவலையும் வேண்டாம், கணினிப் பதிப்பே சுமார் 33 எம்பிதான். சண்டை கிடையாது, வசனம் கிடையாது. குமிழி ஊதும் கோலை வைத்துக் குமிழி விட்டு அதன்மேல் ஏறிக் குதிக்க வேண்டும். குமிழி எந்தப் பக்கம் மிதக்கும், எப்போது உடையும் என்பது கைக்கு வர ஒரு மாலை ஆகும். வரைபடத்தில் பேனாவும் முத்திரைகளும் இருக்கின்றன, தாராளமாகப் பயன்படுத்துங்கள். புரியாத சின்னம் எதைக் கண்டாலும் குறித்து வையுங்கள். பத்து மணி நேரம் கழித்து அது தேவைப்படும்போது எந்த அறை என்று ஞாபகம் இருக்காது. சுவரில் மங்கலாகத் தெரியும் நுணுக்கங்கள் எல்சிடியில் தப்பிவிடுகின்றன, அதனால்தான் ஒன்றரை குறைவு. ஹெட்ஃபோன் இல்லாமல் தொடங்க வேண்டாம். சில புதிர்களுக்குக் காதும் வேலை செய்தாக வேண்டும்.

டவுன்வெல் – நிமிர்த்தினால் 9, படுக்க வைத்தால் 6

ஓஜிரோ ஃபுமோட்டோவின் 2015 கேம், ஸ்விட்சில் 2019 ஜனவரி முதல். கிணற்றுக்குள் விழுந்துகொண்டே பூட்ஸிலிருந்து சுடும் ஆட்டம். இடது, வலது, ஒரு பட்டன், அவ்வளவே. ஆட்டம் நடப்பது ஒடுங்கிய செங்குத்துப் பட்டையில் என்பதால், வழக்கம்போல் பிடித்தால் திரையின் இரு பக்கமும் வெறிச்சென்று கிடக்கும், எதிரிகள் கடுகு அளவில் தெரியும். அமைப்பில் திரையைத் திருப்பும் தெரிவு இருக்கிறது. ஜாய்கான்களைக் கழற்றி, கருவியை நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் படம் பெரிதாகி, அடுத்த தரை வருவது முன்கூட்டியே தெரியும். கருவியோடு வரும் பின்கால் இந்த நிலைக்கு உதவாது. தடித்த புத்தகமோ போன் ஸ்டாண்டோ வேண்டும்.

தொடக்கத்தில் எட்டுக் குண்டு, தரையையோ எதிரியின் தலையையோ மிதித்தால் மீண்டும் நிரம்பும். புதிதாக ஆடுபவர்கள் தரை தெரிந்ததும் பதறிச் சுட்டுக் காலி செய்துவிட்டு, சிவப்பு எதிரிகளின்மேல் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். சிவப்பை மிதிக்கவே கூடாது, அதற்கென்று இரண்டு குண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். லைட்டில் ஜாய்கான் கழலாது என்பதால், தனி கண்ட்ரோலர் வைத்திருக்காதவர்களுக்கு இங்கே அந்த 6 மட்டும்தான்.