கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவப் பயிற்சிக் கருவிகள்: நெடுநாள் புழக்கத்தில் கண்டவை

துறையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை முதலில் லினாக், அதாவது நோயாளியின்மேல் கதிரைப் பாய்ச்சும் பெரிய இயந்திரம், இருக்கும் அறைக்குத்தான் அழைத்துப் போவார்கள். பயிற்சியில் சேர வருகிறவரும் அதைப் பார்த்துத்தான் அசந்துபோகிறார். ஆனால் ரெசிடென்டாக, அதாவது பயிற்சி மருத்துவராக, இருந்த காலத்தில் அந்த இயந்திரத்தின் அருகே நான் நின்ற நேரம் மிகக் கொஞ்சம். பகலெல்லாம் அது நோயாளிகளுக்கு, மாலையில் மருத்துவ இயற்பியலாளர்களின் தரச் சோதனைக்கு. எங்களுக்குப் பட்டறை என்றால் கான்டூரிங் கணினிதான். ஸ்கேன் படத்தில் கட்டியையும் காப்பாற்ற வேண்டிய உறுப்புகளையும் வரைந்து குறிக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. எனவே சேருமுன் கேட்க வேண்டியது லினாக்கின் மாடலை அல்ல. கதிரை எங்கே, எவ்வளவு பாய்ச்சுவது என்று திட்டமிடும் பிளானிங் மென்பொருளுக்கு எத்தனை உரிமங்கள், அவற்றில் ரெசிடென்டுகளுக்கென்று எத்தனை என்பதை.

நான் இருந்த இடத்தில் உரிமங்கள் எல்லோருக்கும் பொது. இயற்பியலாளர்கள் பிளானை முடித்து எழுந்த பிறகே எங்கள் முறை. மென்பொருளை மூடாமல் வார்டுக்குப் போய்விட்டவரைத் தேடி அலைவதும் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது. பிறகு பழைய பதிப்பு ஒன்றைப் பயிற்சிக்கென்றே தனிக் கணினியில் நிறுவித் தந்தார்கள். பெயர் நீக்கிய பழைய ஸ்கேன்கள்; மூத்த மருத்துவர் வரைந்த கோடுகள் மறைவாக இருக்கும்; நாம் வரைந்து முடித்த பிறகே திறக்கும். துறையில் இருந்த எதிலும் இதில் கற்ற அளவுக்கு நான் கற்றதில்லை.

இரு கண்களின் நரம்புகளும் கூடும் பார்வை நரம்புச் சந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் அடியில் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே, சி.டி.யில் சாம்பலுக்குள் சாம்பலாக மறைந்து கிடக்கும். எம்.ஆர்.ஐ.யை அதன்மேல் பொருத்திப் பார்த்தால்தான் பிடிபடும். வழக்கமான தினசரி டோஸில் அதற்கு 54 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு) போல ஒரு வரம்பு வைக்கிறோம். கோடு ஒரு ஸ்லைஸ், அதாவது ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படம், தள்ளிப்போனாலும் அந்த வரம்பு பக்கத்தில் உள்ள வேறு எதையோதான் காக்கும்.

அந்தக் கணினியில் மதிப்பெண் தரும் வசதியும் உண்டு. டைஸ் குறியீடு என்பார்கள்: இரண்டு வரைவுகளும் முற்றாகப் பொருந்தினால் 1, தொடாமலே போனால் 0. இதை நம்பி மகிழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. கல்லீரலின் மேல்முகட்டை இரண்டு ஸ்லைஸ் விட்டுவிட்டாலும் 0.95-க்கு மேல் கிடைக்கும், ஏனென்றால் உறுப்பு பெரியது. சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள நரம்புச் சந்தியில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே மதிப்பெண் சரிந்துவிடும். எண்ணைப் பார்ப்பதைவிட இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன என்று ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பார்ப்பதே பாடம். பக்கத்தில் ஒரு மூத்தவர் அமர்ந்து "ஏன் இங்கே நிறுத்தினாய்?" என்று கேட்டால் இன்னும் நல்லது. அந்த வசதியை எந்த நிறுவனமும் விற்பதில்லை.

பேனாத் திரை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தலை, கழுத்துப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்லைஸ்களில் நிணநீர் முடிச்சு மண்டலங்களை வரையும்போது மணிக்கட்டு நன்றி சொல்லும். ஆனால் பழகப் பழகப் பேனா முனைக்கும் விழும் கோட்டுக்கும் சிறு இடைவெளி வந்துவிடுகிறது. அவ்வப்போது அளவீட்டைச் சரிசெய்யாவிட்டால் மவுஸே மேல்.

சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்கைச் செய்ய உதவும் வெந்நீர்த் தொட்டியை யாரும் பயிற்சிக் கருவியாக நினைப்பதில்லை. 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீரில் தெர்மோபிளாஸ்டிக் தகடு துணிபோலத் துவளும். இரண்டு பேர் இருபுறமும் பிடித்து முகத்தின்மேல் இழுத்துப் படிய வைக்க வேண்டும். சில நிமிடங்களில் இறுகிவிடும். மூக்குத் தண்டிலும் தாடையிலும் விரலால் அழுத்தத் தவறினால் முகம் உள்ளே அசைய இடம் கிடைத்துவிடும். எங்களில் ஒருவர் முகத்தில் செய்த மாஸ்க்கை மறுபடி நீரில் போட்டால் மூக்கும் தாடையும் கரைந்து பழையபடி தட்டையாகிவிடும். ஒரே தகட்டில் பலமுறை பழகினோம்.

கதிரியக்கப் பொருளை உடலுக்குள்ளேயே வைத்துச் சிகிச்சை தரும் பிராக்கிதெரபியில் இடுப்புப் பேண்டம், அதாவது பழகுவதற்கான மாதிரி இடுப்பு, கட்டாயம் வேண்டும். கருப்பைக்குள் டேண்டம் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தும்போது கை உணரும் தடையைப் படத்தில் கற்க முடியாது. அதோடு கதிரைத் தரும் இரிடியம்-192 மூலத்தை மாற்றும் நாளில் உடனிருக்க அனுமதி கேளுங்கள். அதன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 74 நாட்கள். அத்தனை நாட்கள் கழிந்ததும் அதே டோஸைக் கொடுக்க நேரம் இரட்டிப்பாகிவிடும் என்பதைப் புத்தகத்தில் படித்தபோது மனத்தில் நிற்கவில்லை. பழைய மூலத்தில் ஓடிய நேரத்தையும் புதியதில் ஓடிய நேரத்தையும் அடுத்தடுத்துத் திரையில் பார்த்தபோது நின்றது.

முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெய்நிகர் லினாக்கைப் பார்க்கும் அமைப்பு கதிரின் திசையைப் புரிந்துகொள்ள முதல் சில வாரங்களுக்கு உதவும். பிறகு அது விருந்தினர்களுக்கு.

தானியங்கி கான்டூரிங் வந்தபின் புதியவர்கள் வரைவதை விட்டுத் திருத்த மட்டுமே கற்கிறார்கள். பல் அடைப்பின் உலோகம் படத்தைக் கோடுகோடாகச் சிதைத்திருக்கும் இடத்திலும் அது தயங்காமல் அழகான கோட்டைப் போட்டுவிடுகிறது. தானே வரைந்து பழகாதவருக்கு அது தவறு என்றே தோன்றாது. முதல் ஆண்டில் அதை அணைத்து வைப்பதே என் பரிந்துரை.

உரிமம் கிடைக்காதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. த்ரீடி ஸ்லைசர் இலவச மென்பொருள். கதிர்வீச்சு சிகிச்சைக்கான ஸ்லைசர்-ஆர்டி என்ற இணைப்பும் அதற்கு உண்டு. தி கேன்சர் இமேஜிங் ஆர்கைவ் தளத்தில் பெயர் நீக்கிய ஸ்கேன்கள் பதிவிறக்கக் கிடைக்கின்றன. சிலவற்றோடு நிபுணர்கள் வரைந்த கோடுகளும் வருகின்றன. அவற்றை முதலில் மறைத்துவிட்டு வரையத் தொடங்குங்கள்.