இரண்டடித் தொட்டியில் மூன்று வருடப் பாசி

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஓரடி. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் தேறும். அதில் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்கள். ஃபில்டர் இல்லை, மூன்று வருடமாகச் செடிகளை நம்பியே ஓடுகிறது. வேகமாகப் பரவும் செடிகளாகப் பார்த்துத்தான் போட்டேன். அதில் லாபமும் உண்டு, தலைவலியும் உண்டு.

முதலில் வாங்கியது வேலம்பாசி, ஹைட்ரில்லா என்பார்களே அந்த நீர்ச்செடி. கடையிலிருந்து கொத்தாகக் கொண்டுவந்ததைப் பார்த்ததுமே அம்மா கேட்டுவிட்டாள், "எலே, குளத்துல சும்மா கெடக்குத பாசியயா காசு குடுத்து வாங்கிட்டு வந்த?" நியாயமான கேள்விதான். அடுத்த தடவை வயல் வாய்க்காலில் இறங்கி நானே பிடுங்கிவந்தேன். நன்றாக அலசியதாகத்தான் நினைப்பு. பத்து நாளில் கப்பிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு நாள் ராத்திரி மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால், பாசித் தண்டோடு தண்டாக மண்நிறத்தில் ஒரு பூச்சி அசையாமல் ஒட்டியிருக்கிறது. ஒரு குஞ்சு பக்கத்தில் வந்தது. பூச்சியின் வாய்க்குக் கீழே மடிந்திருந்த ஏதோ ஒன்று சட்டென்று நீண்டு சுருங்கியது, குஞ்சு இல்லை. தட்டானின் இளம்பூச்சி! அன்றிலிருந்து வெளியிலிருந்து வரும் எந்தச் செடியும் இரண்டு வாரம் தனி வாளியில் கிடந்த பிறகுதான் தொட்டிக்குள் போகும். நத்தை முட்டைக்கும் அதுவே சோதனை. ஆனாலும் நத்தை வந்துவிட்டது, அது வேறு கதை.

வேலம்பாசி வாரத்துக்கு ஒரு சாண் வளர்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்றுதான் இந்த வளர்ச்சி. முதல் வருடம் எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. வளர்ந்ததை அழகாக இருக்கிறதே என்று அப்படியே விட்டேன். அடியில் வெளிச்சம் படாத தண்டுகள் அழுகி, தின்ற கழிவெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்து நாற்றம் எடுத்தது. பறித்து வெளியே போட்டால்தான் கழிவு தொட்டியை விட்டுப் போகும். இப்போது சனிக்கிழமை தோறும் ஒரு கை அள்ளுகிறேன்.

ஹார்ன்வார்ட் என்ற ஊசி இலைச் செடிக்கு வேரே கிடையாது, மிதக்கவிட்டால் போதும். குஞ்சுகள் ஒளிய இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் புதுத் தண்ணீரில் போட்ட முதல் வாரம் ஊசி இலைகளைக் கொட்டித் தள்ளும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். நாடா போல நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியாவும் அப்படித்தான், நட்டதும் இலை கரைந்து போகும். ஒரு மாதம் பொறுத்தால் மணலுக்கடியில் கொடி ஓடவிட்டு வரிசையாகக் கன்று வைக்கும். என் தொட்டியில் மூன்று செடி ஒரு வருடத்தில் பின்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எல்லை தாண்டினால் கொடியைக் கத்தரித்தால் முடிந்தது வேலை.

தண்ணீர்மேல் மிதக்கும் குட்டி இலைச் செடியான டக்வீட் மட்டும் வேண்டாம். நான் வாங்கவே இல்லை, வேறு செடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல வெளிச்சம் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் இரட்டிக்கும். ஒரு ஐப்பசி மழையில் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். தண்ணீர் தெரியவில்லை, பச்சைப் பாய் விரித்தது போல மூடிக் கிடந்தது. கீழே வேலம்பாசி வெளிறிப்போயிருந்தது. மறுநாள் விடிகாலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ராத்திரியில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மேல்பரப்பும் அடைபட்டால் மீனுக்கு என்ன மிஞ்சும்? இரண்டு மீன் போய்விட்டது. டீ வடிகட்டியால் அரித்து அரித்துப் பார்த்தாயிற்று, கையில் ஒட்டிய ஓர் இலை உள்ளே விழுந்தாலும் மறுபடி ஆரம்பம்.

வெளிச்சம் பத்து வாட் எல்இடி, நாளுக்கு ஏழு மணி நேரம். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன், கண்ணாடி முழுக்கப் பச்சை பிடித்ததுதான் மிச்சம்.

பறித்ததை எங்கே போடுவது? வாய்க்காலில் போட மாட்டேன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் குளங்களை என்ன பாடு படுத்துகிறது என்று தினமும் பார்க்கிறோம். நம் வேலம்பாசியோ 1950களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக ஃபுளோரிடாவுக்குப் போய் அங்குள்ள ஏரிகளை அடைத்துக்கொண்டது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்கள் எனக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எந்த வாய்க்கால் எங்கே போய்ச் சேரும் என்று யார் கண்டார்? அதனால் எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைத்து, பிறகு பிச்சி மாதிரிப் பூச்செடிகளுக்கு உரமாகப் போடுகிறேன்.

போன சனிக்கிழமை வேலை அதிகம், தொட்டிப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் அம்மா வந்து, "இன்னைக்குப் பாசி அள்ளலியா? பிச்சிக்குப் போடணும்லா" என்று காலி வாளியை முன்னால் வைத்தாள்.