ஆல்பா கொத்தைத் தேட எது சரி: சிலிக்கானா, வாயுக் கலமா, தட்டி வெளியேற்றுவதா?

அணுக்கருவுக்குள் இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் ஒட்டிக்கொண்டு ஆல்பாவாகவே நடமாடுகின்றனவா? இதைச் சோதித்துப் பார்க்கப் பல வழிகள் உண்டு, அதில் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மும்பையில் எம்.எஸ்சி. முடித்த நம்ம பிள்ளைகள் "அண்ணா, எந்த டிடெக்டரில் கை பழகணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் ஓட்டு சிலிக்கானுக்கு, ஆனால் எல்லாக் கேள்விக்கும் அது பதில் சொல்லாது.

கார்பன்-12 கருவின் ஹாயில் நிலையை, அதாவது அது கூடுதல் ஆற்றலோடு இருக்கும் ஒரு கிளர்ந்த நிலையை, எடுத்துக்கொள்வோம். அது இருப்பது 7.65 எம்.இ.வி.யில் (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு), மூன்று ஆல்பாவாக உடைய 7.27 போதும், ஆக மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள மிஞ்சுவது சுமார் 0.38தான். ஒரு ஆல்பா முதலில் கழன்று, மிச்சமிருக்கும் பெரிலியம்-8 அப்புறம் இரண்டாகிறதா, இல்லை மூன்றும் ஒரே நேரத்தில் பிரிகின்றனவா என்பதுதான் சண்டை. சிலிக்கான் பட்டை டிடெக்டரில் முன்பக்கப் பட்டைகள் நெடுக்காகவும் பின்பக்கப் பட்டைகள் குறுக்காகவும் ஓடும், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமே துகள் விழுந்த இடம். பெரிலியம்-8இலிருந்து வரும் ஜோடி நெருக்கமாகப் பறப்பதால் முன் பட்டையையும் பின் பட்டையையும் தப்பாக ஜோடி சேர்த்துவிட வாய்ப்பு அதிகம். அப்படி ஆன நிகழ்வு, மூன்றும் ஒன்றாகப் பிரிந்தது மாதிரியே தெரியும். இந்தப் போலிகளை வடிகட்டிய பிறகுதான் 2017இல் இரண்டு குழுக்கள், நேரடிச் சிதைவு (மூன்றும் ஒரே நேரத்தில் பிரிவது) இருந்தாலும் 0.05 சதவீதத்துக்குக் கீழேதான் என்று வரம்பு கட்டின.

வாயுக் கலத்தில் வாயுவே இலக்கு, வாயுவே டிடெக்டர். ஆல்பா பிறந்த இடத்திலிருந்தே தடம் தெரியும், மெதுவான ஆல்பாவும் தப்பாது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் காமா கற்றையை வைத்து, கார்பனில் 10 எம்.இ.வி. அருகே மறைந்திருந்த இரண்டாவது 2+ நிலையை (கருவின் சுழற்சி எண் 2 ஆக இருக்கும் கிளர்ந்த நிலை) 2013இல் உறுதி செய்தது இப்படிப்பட்ட கலம்தான். அழகான வேலை அது! ஆனால் வாயு அடர்த்தி குறைவு, நிகழ்வுகள் சொற்பம், பொறுமை வேண்டும்.

இந்த இரண்டிலும் நாம் பார்ப்பது கிளர்ந்த நிலை உடைவதை. தரைநிலையிலேயே, அதாவது கிளர்ச்சி எதுவும் இல்லாத கருவிலேயே, ஆல்பா இருக்கிறதா என்று கேட்டால் வேகமான புரோட்டானால் அதைத் தட்டி வெளியேற்றித்தான் பார்க்கணும். ஜப்பானின் ஒசாகாவில் 392 எம்.இ.வி. புரோட்டான்களை வெள்ளீயத்தின் 112, 116, 120, 124 ஐசோடோப்புகள் மேல் மோதவிட்டார்கள். நியூட்ரான் கூடக் கூட வெளியே வரும் ஆல்பா குறைந்தது. கனமான கருவின் மேற்பரப்பில் ஆல்பா உருவாகிறது என்பதற்கு 2021இல் வந்த இந்த முடிவை விட நேரான சான்றை நான் பார்த்ததில்லை.

அதை இங்கே செய்ய முடியுமா? மும்பை கொலாபாவில் இருக்கும் பெல்லட்ரான் என்ற துகள் முடுக்கி 14 மில்லியன் வோல்ட் இயந்திரம், மின்சுமையை நடுவில் மாற்றி இரண்டு முறை முடுக்கினாலும் புரோட்டானுக்கு 28 எம்.இ.வி.தான் உச்சம். 392க்கு வழியே இல்லை. மும்பையிலேயே இருந்து இந்தத் துறையில் இறங்குகிறவருக்கு அயனிக் கற்றையும் சிலிக்கானும்தான் பொருந்தும். தம்பி, தங்கச்சிகளா, முடுக்கியில் பீம் நேரம் கிடைக்கும் வரை சும்மா இருக்காதீர்கள், ஒரு மான்டி கார்லோ நிரல் (தற்செயல் எண்களை வைத்து நிகழ்வுகளைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் நிரல்) எழுதி, பட்டையின் அகலத்தை மாற்றி மாற்றி ஓட்டி, போலி நேரடிச் சிதைவு எவ்வளவு உள்ளே நுழைகிறது என்று பாருங்கள்.