இரு பிராசசர் சர்வரில் போஸ்ட்கிரெஸ்: நெல்லை மருந்து மொத்த வணிகத்திலிருந்து ஒரு மதிப்புரை

பாளையங்கோட்டையில் உள்ள மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றின் தரவுதளத்தை நான் பராமரித்து வருகிறேன். அம்பாசமுத்திரம், தென்காசி, நாங்குநேரி, வள்ளியூர் பகுதிகளின் மருந்துக் கடைகளிலிருந்து காலை முதலே ஆர்டர்கள் வரத் தொடங்கும். பில் போடும் கவுண்டர்கள், கிட்டங்கியில் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் சரிபார்க்கும் பணியாளர்கள், வசூலுக்குச் சென்றவர்களின் கைப்பேசிகள் ஆகிய அனைத்தும் ஒரே தரவுதளத்தைத்தான் நாடுகின்றன. அதைத் தாங்குவது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுதள மென்பொருள். சர்வரில் இரண்டு பிராசசர்கள், ஒவ்வொன்றிலும் 16 கோர் (தனித்தனியே கணக்கிடும் உட்பகுதி), மொத்தம் 128 ஜிபி நினைவகம். இத்தகைய இயந்திரத்தை வாங்கலாமா என்று யோசிக்கும் நம் வட்டார வணிகர்களுக்கும் அவர்களுடைய கணினிப் பொறுப்பாளர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பலர் ஒரே நேரத்தில் சிறு சிறு வேலைகளைச் செய்யும் இடத்தில் போஸ்ட்கிரெஸும் இரு பிராசசர் சர்வரும் சேர்ந்த இந்த இணை மிகச் சிறப்பாக உழைக்கிறது. போஸ்ட்கிரெஸ் தன்னை நாடி வரும் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி இயக்கம் (பிராசஸ்) ஒன்றைத் தொடங்குகிறது. அந்த இயக்கங்களைக் காலியாக உள்ள கோர்களில் பகிர்ந்து அமர்த்தும் வேலையை லினக்ஸ் பார்த்துக்கொள்கிறது. ஆகவே, பில் போடும் நெரிசல் நேரத்தில் ஒரு கவுண்டரின் வேலை மற்றொன்றைத் தள்ளி நிறுத்துவதில்லை. ஒருவர் ஸ்டாக் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதே பட்டியலில் எழுதலாம். படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதுமில்லை. 2012இல் வந்த 9.2 வெளியீட்டில் படிக்கும் பணிகள் பல கோர்களுக்குச் சீராக விரியும்படி செய்தார்கள். இணைப்புகளின் எண்ணிக்கை மிகும்போது ஏற்பட்ட தளர்ச்சியை 2021இல் வந்த 14ஆம் வெளியீடு பெருமளவு நீக்கியது. பழைய வெளியீட்டை வைத்துக்கொண்டு பிராசசரைக் குறை சொல்பவர்கள் முதலில் வெளியீட்டை உயர்த்திப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு பெரிய கணக்கை எடுக்கும்போது நிலைமை வேறு. மாத விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், அதற்கு முந்தைய நாள்களில் கணக்குப் பிரிவு முழு மாதத்துப் பில்களையும் வரிவிகிதவாரியாகத் திரட்டும். 32 கோர் இருந்தாலும், அதற்காகத் தரவுதளத்திடம் கேட்கும் கேள்வி (கொயரி) இயல்பாக அவற்றில் மிகச் சிலவற்றையே பயன்படுத்தும். ஒரு கேள்வியைப் பல கோர்களுக்குப் பிரித்துத் தரும் வசதி 2016இல் வந்த 9.6 வெளியீட்டில்தான் போஸ்ட்கிரெஸில் இடம்பெற்றது. இன்றும் கேள்வியைப் பிரித்துத் திரட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு துணை இயக்கங்கள் என்பதே தொடக்க அமைப்பு. ‘மேக்ஸ் பேரலல் வொர்க்கர்ஸ் பெர் கேதர்’ என்ற இந்த எண்ணிக்கையின் உச்ச அளவைக் கணக்குப் பிரிவின் பயனர் கணக்குக்கு மட்டும் நான்காக உயர்த்தினோம். கவுண்டர்களுக்கு அது தேவையில்லை. அவர்களுடைய கேள்விகள் இன்டெக்ஸ் என்ற தேடல் அட்டவணை வழியாக ஓரிரு பதிவு வரிசைகளைத் தொட்டுத் திரும்புபவை.

அளவை உயர்த்திய பின்னும் ஜிஎஸ்டி அறிக்கை ஒரே கோரில்தான் ஓடியது. காரணம் இதுதான்: வரிவிகிதத்தைக் கண்டறிய அந்தக் கேள்விக்குள் நாமே எழுதிய ஃபங்ஷன் (சிறு நிரல்) ஒன்று அழைக்கப்படுகிறது. பயனர் எழுதும் எந்த ஃபங்ஷனையும், வெளிப்படையாகக் குறித்தாலன்றி, பிரித்து ஓட்டுவதற்குப் பாதுகாப்பற்றது என்றே போஸ்ட்கிரெஸ் கருதும். அப்படிப்பட்ட ஒன்று இருந்தாலே கேள்வி முழுவதையும் ஒற்றை இயக்கத்துக்குள் அடக்கிவிடும். அந்த ஃபங்ஷன் எதையும் எழுதாமல் படிக்க மட்டுமே செய்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டு ‘பேரலல் சேஃப்’ என்று குறித்த பிறகே கோர்கள் விழித்தன. தரவின் பாதுகாப்பை முன்வைக்கும் இந்த எச்சரிக்கை சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு கேள்வியை எந்த வழியில் ஓட்டும் என்ற திட்டத்தை ‘எக்ஸ்ப்ளெய்ன்’ கட்டளையால் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரிசைப்படுத்தல் போன்ற படிகளுக்கான நினைவக வரம்பாகிய ‘வொர்க் மெம்’ அளவு ஒவ்வொரு துணை இயக்கத்துக்கும் தனித்தனியே பொருந்தும். அது 64 எம்பி என்றால், நான்கு துணை இயக்கங்களும் தலைமை இயக்கமும் சேர்ந்து வரிசைப்படுத்தும் ஒரே படிக்கு 320 எம்பி வரை போகலாம்.

இரண்டு பிராசசர் என்பதன் உண்மையான சிக்கல் நினைவகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பிராசசருக்கும் அதனுடன் நேரடியாக இணைந்த நினைவகம் உண்டு. மற்றதன் நினைவகத்தையும் அது படிக்கலாம், ஆனால் இடையிலுள்ள இணைப்பைக் கடந்துதான். நெல்லை சந்திப்புப் பக்கத்தில் ஒரு கிட்டங்கியும் பாளையங்கோட்டையில் ஒரு கிட்டங்கியும் வைத்திருக்கும் வணிகர், சரக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தால் தாமிரபரணியின் மேலுள்ள 1843ஆம் ஆண்டுச் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி ஆள் அனுப்புவதைப் போன்றது இது. போஸ்ட்கிரெஸின் பொது நினைவகமான ‘ஷேர்டு பஃபர்ஸ்’ எந்தக் கோரில் ஓடும் இயக்கம் முதலில் தொடுகிறதோ அந்தப் பக்கத்தில் அமர்ந்துவிடும் இயல்புடையது. சர்வர் தொடங்கியவுடன் ஒரே இயக்கம் பெரிய பட்டியல்களை நினைவகத்தில் ஏற்றினால், சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரே கேள்வி சில நேரம் விரைவாகவும் சில நேரம் மந்தமாகவும் ஓடும். நினைவகம் இப்படிப் பிரிந்திருக்கும் அமைப்பை நூமா என்பார்கள்; அதன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொண்டு இரு பக்கமும் மாறி மாறி நினைவகம் ஒதுக்கும்படி தொடங்கினால், உச்ச வேகம் சற்றுக் குறைந்தாலும் நடை சீராகிறது. வணிகத்துக்குத் தேவை அந்தச் சீர்மைதான். 2025இல் வந்த 18ஆம் வெளியீட்டில், பொது நினைவகம் எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் பார்வை அட்டவணைகளே (வியூ) சேர்ந்துள்ளன. அதற்கு முன் இதை லினக்ஸின் உள்ளே தேடித்தான் அறிய வேண்டியிருந்தது.

இதனோடு சேர்ந்து செய்ய வேண்டியது பெரிய பக்கங்களை (ஹ்யூஜ் பேஜஸ்) இயக்குவது. இங்கே பக்கம் என்பது லினக்ஸ் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டு. ஷேர்டு பஃபர்ஸ் 32 ஜிபி என்று வைத்தால், 4 கேபி பக்கங்களில் அதை முழுதும் தொடும் ஒவ்வோர் இயக்கத்துக்கும், அந்தத் துண்டுகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் பக்க அட்டவணை மட்டுமே 64 எம்பி பிடிக்கும். நூறு இணைப்புகளுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். 2 எம்பி பக்கங்களாக மாற்றினால் அதே அட்டவணை 128 கேபியில் முடிந்துவிடும்.

எத்தனை கோர் சேர்த்தாலும் தீராத இடங்களும் உண்டு. மழைக்காலத்தில் காய்ச்சல் மாத்திரையின் ஒரே பேட்சை எல்லாக் கவுண்டர்களும் ஒரே நேரத்தில் கழிக்க முயன்றால், அந்த ஒரு பதிவு வரிசையை ஒருவர் மாற்றும்போது விழும் பூட்டு விலகும்வரை மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். பூட்டைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் விலை பேசும் வகையில் பில்லிங் மென்பொருள் எழுதப்பட்டிருந்தால் எந்தச் சர்வரும் உதவாது. அதேபோல், ஒவ்வொரு பில்லும் உறுதியாகும்போது அதன் பதிவு டிஸ்க்கில் எழுதி முடியும்வரை போஸ்ட்கிரெஸ் காத்திருக்கிறது. இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது டிஸ்க். மின்வெட்டைத் தாங்கும் கெபாசிட்டர் உள்ள சர்வர் தர எஸ்எஸ்டியில் செலவிடும் பணம் இரண்டாவது பிராசசரில் செலவிடும் பணத்தைவிட முதலில் பலன் தரும். வேகத்துக்காக, பதிவு டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதிசெய்யும் ‘எஃப்சிங்க்’ அமைப்பை அணைக்கச் சொல்லும் ஆலோசனையை எக்காரணத்தாலும் ஏற்காதீர்கள். கோடை மழைக் காற்றில் மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிடும் ஒரு மாலையில் தரவுதளமே சிதைந்துவிடலாம்.

செலவைப் பொறுத்தவரை, போஸ்ட்கிரெஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. கோர் எண்ணிக்கை, தரவின் அளவு எதற்கும் வரம்பு விதிப்பதில்லை. நம் ஊர்க் கடைகளில் பரவலாக உள்ள பில்லிங் மென்பொருள்கள் சில, மைக்ரோசாஃப்ட்டின் தரவுதள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஓடுகின்றன. அந்தப் பதிப்பு ஒரு சாக்கெட் (பிராசசர் பொருத்தும் இடம்) அல்லது 4 கோர் இவற்றில் எது குறைவோ அதைத்தான் பயன்படுத்தும். 2022 வெளியீடு வரை தரவுதளத்தின் அளவும் 10 ஜிபிதான். அதை வைத்துக்கொண்டு இரு பிராசசர் சர்வர் வாங்கினால் இரண்டாவது பிராசசர் அந்தத் தரவுதளத்துக்கு ஒரு வேலையும் செய்யாது. வாங்குவதற்கு முன் மென்பொருள் தந்தவரிடம் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு நான் இரு சாக்கெட் இயந்திரத்தை இன்று முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன். ஒரே சாக்கெட்டில் 64 கோர் கொண்ட பிராசசர்கள் 2019 முதலே சந்தையில் உள்ளன; 32 கோர் போதும் என்றால் ஒற்றைப் பிராசசரே அதைத் தரும், பக்கம் மாறி நினைவகம் தேடும் தாமதமும் பெருமளவு குறையும், ஏசி அறையின் சுமையும் குறையும். ஒற்றைச் சாக்கெட்டில் பொருத்த முடியாத அளவு நினைவகம் தேவைப்படுபவர்களும், ஏற்கெனவே இரு சாக்கெட் சர்வரை நல்ல நிலையில் வைத்திருப்பவர்களும் மேலே சொன்ன அமைப்புகளோடு அதில் போஸ்ட்கிரெஸைத் தாராளமாக ஓட்டலாம்.