லாகின் இருந்தது, பூட்டு இல்லை: 3,200 டாலர் கொடுத்து ஏமாந்தேன்

நேற்று இரவு பதினொரு மணிக்கு, எனக்குத் தளம் செய்து கொடுத்த நிறுவனத்திடமிருந்து கடைசி மெயில் வந்தது. "உங்கள் டிக்கெட் மூடப்பட்டது." அதாவது, என் புகாரை முடித்துவிட்டார்களாம். அவ்வளவுதான். ஆத்திரம் அடங்காமல் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் கோப்புகளை வைக்க யாரிடமாவது தளம் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். நான் 3,200 டாலர் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் நடத்துவது சின்னக் கணக்கு அலுவலகம். நான்கு ஊழியர்கள், 312 வாடிக்கையாளர்கள். அடையாள அட்டை நகல், வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு என்று எல்லாம் மெயிலில் வந்து குவிந்துகொண்டிருந்தது. அதை ஒழுங்குபடுத்தத்தான் சிறு தொழில்களுக்குத் தளம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்திடம் போனேன். அவர்கள் கொடுத்த கொட்டேஷனில் "ரோல் அடிப்படையிலான ஆக்சஸ் கண்ட்ரோல்" என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று பிரித்து வைப்பது, மேடம்" என்றார் அவர்களுடைய ஆள். விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த வேலையைத்தான் செய்யவில்லை.

நான் நம்பிய நிமிடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. டெமோ காட்டினார். முதலில் அட்மினாக உள்ளே போனார். இடது பக்கம் மெனுவில் ஏழு பட்டன்கள். வெளியே வந்து, ஊழியர் கணக்கில் போனார், மூன்றுதான் இருந்தன. "பாருங்கள் மேடம், உங்கள் ஊழியருக்கு அந்தப் பட்டனே கண்ணில் படாது. இல்லாததை எப்படி அழுத்துவார்?" என்றார். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாஸ்வேர்ட் இருக்கிறது, ஓடிபி வருகிறது, பட்டன் மறைகிறது. அன்று மாலையே மீதித் தொகையையும் அனுப்பி 3,200 டாலரை முடித்துவிட்டேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். அவருடைய கோப்பின் முகவரி 1041 என்று முடியும். கடைசி எண்ணைத் தவறாக 2 என்று தட்டியிருக்கிறார். வேறொருவரின் அடையாள அட்டை, படத்தோடு, முழுத்திரையில் வந்திருக்கிறது. "என்னுடையதையும் இப்படித்தான் யாரோ பார்ப்பார்களா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சித்தி மகன் புரோகிராமர். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஊழியர் கணக்கில் போய், அட்மின் பக்கத்தின் முகவரியை அப்படியே ஒட்டினான். முழுப் பட்டியலும் திறந்தது, அழிக்கும் பட்டனோடு. "அக்கா, பட்டனை பிரவுசரில் மட்டும் மறைத்திருக்கிறார்கள். கோப்புகளைக் கொடுக்கும் சர்வர் யாரையும் எதுவும் கேட்பதே இல்லை" என்றான்.

அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நீ யார் என்று கேட்பது ஒன்று. நீ இன்னார்தான், சரி, ஆனால் இந்தக் கோப்பு உன்னுடையதா என்று கேட்பது இன்னொன்று. முதல் கேள்விதான் லாகின். இரண்டாவதைக் கேட்காத தளத்தில் ஆக்சஸ் கண்ட்ரோல் இருக்கிறது என்று சொல்லவே கூடாது. வெப் சர்வர்கள் பேசும் மொழியிலேயே இதற்குத் தனித்தனி எண் உண்டு: 401 என்றால் நீ யாரென்று முதலில் காட்டு, 403 என்றால் நீ யாரென்று தெரியும், ஆனாலும் இது உனக்கில்லை. எங்கள் தளம் 403 சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 200, அதாவது 'சரி, இந்தா' என்று சொல்லி, அடுத்தவர் கோப்பைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தது.

இது ஏதோ புது ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி ஆராய்ச்சியாளர்கள் 1975லேயே எழுதி வைத்துவிட்டார்கள்: ஒவ்வொரு பொருளையும் தொடும் ஒவ்வொரு முறையும் அனுமதி சரிபார்க்கப்பட வேண்டும், வேலைக்குத் தேவையான உரிமைக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது, வெளிப்படையாக அனுமதி இல்லையென்றால் மறுப்புதான். வெப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் வெப் செயலிகளுக்கான ஆபத்துகளில் முதல் இடமே உடைந்த ஆக்சஸ் கண்ட்ரோலுக்குத்தான். 2017ல் ஐந்தாவதாக இருந்தது. தளம் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் டிக்கெட்டுக்கு நான்கு நாள் கழித்துப் பதில்: "லாகின் செய்தவர்கள்தானே பார்க்க முடிகிறது? வெளியாள் யாரும் இல்லையே." 312 பேரும் லாகின் செய்தவர்கள்தான், ஒருவருக்கொருவர் வெளியாள் இல்லையா? இரண்டாவது பதில்: "உங்கள் வாடிக்கையாளர் ஏன் முகவரியை மாற்றினார்?" குற்றவாளி அவராம். போன் செய்தால் வேறு வேறு ஆட்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மூன்றாவது முறை, சரிசெய்துவிட்டோம் என்றார்கள். 1041, 1042 என்றிருந்த எண்களுக்குப் பதிலாக நீளமான எழுத்துக்கோவை வந்திருந்தது. தம்பி ஒரு கணக்கிலிருந்து அந்த நீள முகவரியை நகலெடுத்து, இன்னொரு கணக்கில் ஒட்டினான். திறந்தது. ஊகிக்கக் கஷ்டமாக்கியிருக்கிறார்களே தவிர, சரிபார்ப்பு இன்னும் இல்லை. அந்த முகவரி ஒரு மெயிலிலோ, பிரவுசர் வரலாற்றிலோ இன்னொருவர் கையில் கிடைத்தால் முடிந்தது. இதைச் சொன்னதற்கு, இலவச ஆதரவுக் காலம் 30 நாள்தான், இனிமேல் செய்வதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். 3,200 டாலர் வாங்கியது எதற்கு?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. யார் யாருடைய கோப்பைப் பார்த்தார்கள் என்று லாக், அதாவது தளத்தின் பதிவேடு, கேட்டேன். கொடுத்தார்கள். வரிக்கு வரி "அட்மின்", "அட்மின்", "அட்மின்". அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் ஒரே கணக்கில், ஒரே பாஸ்வேர்டில் வேலை பார்த்திருக்கிறார்கள். எனக்கு டெமோ காட்டியவர் இப்போது அங்கே இல்லையாம். அந்தப் பாஸ்வேர்ட் மட்டும் மாறவில்லை. வாடிக்கையாளர்களின் வரிகளிலோ நேரம் மட்டும்தான், எந்தக் கோப்பு என்பதே பதிவாகவில்லை. உங்கள் அடையாள அட்டையை யாரும் பார்க்கவில்லை என்று 312 பேரில் ஒருவருக்குக்கூட என்னால் உறுதி சொல்ல முடியாது.

கடைசியாகப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதற்குத்தான் நேற்று இரவு டிக்கெட்டை மூடினார்கள். 3,200 டாலர். தளத்தை நேற்றே நிறுத்திவிட்டேன்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். டெமோவில் இரண்டு சாதாரணக் கணக்குகள் கேளுங்கள். ஒன்றின் கோப்பு முகவரியை மற்றதில் நீங்களே ஒட்டிப் பாருங்கள். அட்மின் பக்கத்தின் முகவரியை ஊழியர் கணக்கில் ஒட்டுங்கள். அவர்களுடைய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும், வேலையை விட்டுப் போனால் அன்றே அது நிற்க வேண்டும்; இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மீதித் தொகையை இதெல்லாம் பார்த்த பிறகு கொடுங்கள்.

நடந்ததைச் சொல்லி 312 பேருக்கும் மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பது பேருக்குத்தான் போயிருக்கிறது.